எங்கிருந்து பார்க்கிறோம்? கனவடிவத் தோற்றங்களும் கட்டத்தாள் ஆயங்களும் குழந்தைகளின் கணிதமும்

நடுநிலை வகுப்புக் கணிதப் புத்தகங்களில் அடிக்கடி காணப்படும் படம் ஒன்று உண்டு. கனச்சதுரக் கட்டைகள் சிலவற்றை அடுக்கிவைத்து, அதைச் சாய்வான கோணத்தில் வரைந்திருப்பார்கள். கீழே கேள்வி: இதை மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? பல பிள்ளைகள் அதே சாய்வான உருவத்தைத் திரும்ப வரைகிறார்கள். சிலர் மேல்முகங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றைப் படத்தில் இருந்தபடியே சாய்ந்த நாற்கரங்களாக வரைகிறார்கள். விடை தவறு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

அந்தக் கேள்வி பிள்ளையிடம் கேட்பது சிறிய வேலை அல்ல. தட்டையான படத்திலிருந்து ஒரு கனவடிவத்தை மனத்தில் எழுப்ப வேண்டும். படத்தில் மறைந்திருக்கும் கட்டைகளை ஊகிக்க வேண்டும். பிறகு, இருக்கும் இடத்தைவிட்டு அசையாமலே அந்த அடுக்கின் தலைக்கு மேலே போய் நிற்க வேண்டும். அங்கிருந்து கண்டதை மறுபடியும் தட்டையாக்கித் தாளில் இறக்க வேண்டும். நான்கு வேலைகளில் எதில் பிள்ளை தடுமாறியது என்பதைச் சிவப்பு மை சொல்வதில்லை.

வேறொரு வகுப்பில், வேறொரு பாடத்தில், கட்டத்தாளும் ஆயங்களும் வருகின்றன. (3, 5) என்ற புள்ளியைக் குறி என்றால் (5, 3) என்ற இடத்தில் குறிக்கிறார்கள். அதுவும் கவனக்குறைவு என்றே கணக்கிடப்படுகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆயத்தொலை வடிவியல் ஒன்பதாம் வகுப்பில் தனி இயலாக வருகிறது. அதற்கு முன் படித்த கனவடிவத் தோற்றங்களுக்கும் இதற்கும் உறவு இருப்பதாக வகுப்பறையில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

இரண்டும் ஒரே பாடம் என்பதே இக்கட்டுரையின் வாதம். தோற்றம் என்பது நான் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆயம் என்பது யார் எங்கே நின்றாலும் மாறாத ஒரு முகவரியை எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொள்வது. முதலாவதன் சிக்கலை உணர்ந்த பிள்ளைக்கு இரண்டாவதன் தேவை தானாக விளங்கும். அந்தச் சிக்கலை உணராமல் ஆயங்களுக்கு வந்து சேரும் பிள்ளைக்கு அவை காரணமில்லாத விதிகள்.

மூன்று மலைகளும் இரண்டு போலீஸ்காரர்களும்

குழந்தைகள் இடத்தை எப்படி உணர்கிறார்கள் என்ற ஆய்வு, சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1948இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலிலிருந்து பெருவளர்ச்சி கண்டது. அவர்களுடைய மூன்று மலைச் சோதனை புகழ்பெற்றது. மேசைமேல் மூன்று மலைகளின் சிறு மாதிரி. ஒன்றின் உச்சியில் பனி, ஒன்றில் சிறு வீடு, இன்னொன்றில் சிலுவை. குழந்தை ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். ஒரு பொம்மையை வேறொரு பக்கம் வைப்பார்கள். பொம்மைக்கு மலைகள் எப்படித் தெரியும் என்பதைப் படங்களிலிருந்து குழந்தை தேர்ந்தெடுக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் தங்களுக்குத் தெரியும் காட்சியையே பொம்மையின் காட்சியாகக் காட்டினார்கள். இடம் மாறினால் காட்சி மாறும் என்று அறிந்த பிறகும், முன்-பின், இட-வலம் ஆகிய எல்லா உறவுகளையும் பிழையில்லாமல் மாற்றிச் சொல்ல ஒன்பது, பத்து வயது ஆயிற்று. தன் பார்வையிலிருந்து விலக முடியாத இந்த நிலையைப் பியாஜே தன்மையவாதம் என்ற கருத்தால் விளக்கினார்.

பின்னால் வந்தவர்கள் இந்த முடிவைத் துருவிப் பார்த்தார்கள். எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ் 1970களில் செய்த சோதனையில் மலைகளுக்குப் பதில் குறுக்காக வெட்டிக்கொள்ளும் இரண்டு சுவர்கள் இருந்தன. இரண்டு போலீஸ்காரப் பொம்மைகள்; அவர்கள் கண்ணில் படாமல் ஒரு சிறுவன் பொம்மையை ஒளித்துவைக்க வேண்டும். மூன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் ஏறக்குறைய 90 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் எழுதிய நூலில் இதன் காரணத்தை எடுத்துரைத்தார். ஒளிந்து விளையாடுவது குழந்தைக்குப் பொருளுள்ள செயல். மலைப்படம் தேர்ந்தெடுப்பது அப்படியல்ல. ஹெலன் போர்க் 1975இல் படங்களை நீக்கிவிட்டு, சுழலும் பலகைமேல் அதே காட்சியின் இன்னொரு மாதிரியை வைத்துக் கொடுத்தார். பொம்மைக்குத் தெரிவதைப் போலப் பலகையைத் திருப்பினால் போதும். வீடு, விலங்கு போன்ற பழகிய பொருள்கள் இருந்தபோது மூன்று, நான்கு வயதினர்கூடப் பெரும்பாலும் வென்றார்கள். மலைகள் வந்ததும் வெற்றி குறைந்தது.

ஜான் ஃபிளாவெல் இந்த முடிவுகளுக்கு ஒரு தெளிவைத் தந்தார். பிறர் பார்வையை உணர்வதில் இரண்டு படிகள் உண்டு. ஒரு பொருள் அவருக்குத் தெரிகிறதா, மறைந்திருக்கிறதா என்பது முதல் படி. இருவருக்கும் தெரியும் ஒரே பொருள் அவருக்கு எந்த விதமாகத் தெரிகிறது என்பது இரண்டாம் படி. போலீஸ்காரர் சோதனை முதல் படியைச் சேர்ந்தது; மலைச் சோதனை இரண்டாம் படியின் கடினமான வடிவம். பாடப்புத்தகத்தின் மேல்தோற்றக் கேள்வியும் இரண்டாம் படியில்தான் நிற்கிறது.

ஆசிரியருக்கு இதிலிருந்து இரண்டு செய்திகள். பிள்ளையின் மூளை முதிரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை; பழகிய பொருளும் பொருளுள்ள நோக்கமும் இருந்தால் திறமை முன்னதாகவே வெளிப்படுகிறது. ஆனால் எளிய படியில் வென்ற பிள்ளை கடினமான படியைத் தானாகக் கடந்துவிடும் என்று நம்பவும் முடியாது. இடையிலுள்ள படிகளை நாம்தான் கட்ட வேண்டும்.

அறிந்ததை வரைவதும் கண்டதை வரைவதும்

தோற்றக் கேள்வியில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. விடையைப் பிள்ளை வரைந்து காட்ட வேண்டும். வரைவது தனித் திறமை. பிரெஞ்சு ஆய்வாளர் ழார்ழ்-ஹென்றி லூக்கே 1927இலேயே சொன்னார்: சிறு குழந்தை தான் காண்பதை வரைவதில்லை, அறிந்ததை வரைகிறது. 1972இல் ஃபிரீமனும் ஜானிகூனும் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. கைப்பிடி கண்ணுக்குத் தெரியாதவாறு ஒரு கோப்பையைத் திருப்பி வைத்து வரையச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகள் கைப்பிடியோடுதான் வரைந்தார்கள். கோப்பை என்றால் கைப்பிடி உண்டு. அதை விட்டுவிட்டால் அது கோப்பை ஆகாது. எட்டு வயதை ஒட்டித்தான் கண்ணுக்குத் தெரியாத கைப்பிடியை விட்டுவிடும் வழக்கம் வலுப்பெற்றது.

மைக்கேல் மிச்சல்மோர் கனவடிவங்களைக் குழந்தைகள் வரையும் முறையை 1978இல் நான்கு கட்டங்களாக வகுத்தார். முதலில் கனச்சதுரம் ஒற்றைச் சதுரமாக வருகிறது. அடுத்து, பல முகங்கள் விரித்துவைத்ததுபோல ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. மூன்றாவதில் ஆழத்தைக் காட்டும் முயற்சி தெரிகிறது, கோடுகள் ஒத்துழைப்பதில்லை. நான்காவதில் பொருளில் இணையான விளிம்புகள் தாளிலும் ஏறத்தாழ இணைகோடுகளாகின்றன. இரண்டாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளையின் படத்தை உற்றுப் பார்த்தால், அது கனச்சதுரத்தைப் பற்றி நிறைய அறிந்திருப்பது தெரியும். முகங்கள் சதுரமானவை, அடுத்தடுத்து விளிம்பைப் பகிர்பவை என்ற அறிவு அந்தப் படத்தில் இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து பார்த்தால் கனச்சதுரத்தின் மூன்று முகங்களுக்கு மேல் தெரியாது என்ற கட்டுப்பாடு மட்டுமே இல்லை.

இந்தப் பிள்ளையிடம் 'தப்பு' என்பதற்கு முன், அதன் படத்தையே வலையாகப் பயன்படுத்தலாம். விரித்துப் போட்ட முகங்களை வெட்டி மடித்தால் பெட்டி வருமா? ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து 35 விதமாக அடுக்கலாம். அவற்றில் 11 மட்டுமே கனச்சதுரமாக மடியும். எவை மடியும், எவை மடியாது, ஏன் என்று தேடும் வகுப்பு, 'தவறான' அந்தப் படத்தை நல்ல கணிதக் கேள்வியாக மாற்றிவிடும். வரைவதற்கு முக்கோண வடிவில் புள்ளியிட்ட தாளைக் கொடுத்தால் கைத்திறனின் சுமையும் குறையும். ஆனால் அந்தத் தாளும் கையில் கட்டைகளோடு வர வேண்டும். கட்டையைத் தொடாத பிள்ளைக்கு அது இன்னொரு கோலப் புள்ளி வரிசையாகத்தான் தெரியும்.

பிழையான விடைகள் சொல்வது என்ன?

4 கட்டை நீளம், 2 கட்டை ஆழம், 3 கட்டை உயரம் கொண்ட கனச்செவ்வகம் ஒன்றின் சாய்வுப் படத்தைக் காட்டி, எத்தனை கட்டைகள் என்று கேட்போம். சரியான விடை 24. அமெரிக்காவின் மிச்சிகனில் பென்-ஹைம், லாப்பன், ஹவுங் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகைக் கேள்விக்கு நடுநிலை வகுப்பு மாணவர்கள் தரும் பிழையான விடைகளை வகைப்படுத்தினார்கள். தெரியும் முகங்களை எண்ணுவோர் நம் படத்துக்கு முன்னால் 12, மேலே 8, பக்கத்தில் 6 என்று கூட்டி 26 என்பார்கள். பின்புறமும் இருக்குமே என்று அதை இரட்டிப்போர் 52 என்பார்கள். தெரியும் கட்டைகளை எண்ணுவோர் 18 என்பார்கள். அதை இரட்டிப்போர் 36 என்பார்கள்.

இந்த நான்கு எண்களும் நான்கு விதமான எண்ணங்கள். 26 என்ற பிள்ளை ஒரே மூலைக்கட்டையை மூன்று முறை எண்ணியிருக்கிறது. அதற்குக் கனவடிவம் தொடர்பற்ற மூன்று படங்களாகத் தெரிகிறது. மைக்கேல் பட்டிஸ்டாவும் டக்ளஸ் கிளெமென்ட்ஸும் 1996இல் எழுதியது இதைத்தான்: முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றும் ஒரே பொருளின் மூன்று பார்வைகள் என்று இணைக்க முடியாத பிள்ளை, அவற்றை மூன்று தனிப் பொருள்களாக எண்ணிக் கூட்டுகிறது. இணைத்தவுடன் கட்டைகளை அடுக்கடுக்காக, தளம் தளமாகக் காண்கிறது. ஒரு தளத்தில் 8, மூன்று தளத்தில் 24. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கும் கன அளவுச் சூத்திரம் அதற்குப் பிறகுதான் பொருள் பெறுகிறது. பார்வைகளை இணைப்பதற்கு முன்பே சூத்திரத்தைக் கொடுத்தால், மூன்று எண்களைப் பெருக்கும் சடங்காக அது தங்கிவிடும்.

மிச்சிகன் ஆய்வு ஆறுதலான செய்தியும் தருகிறது. கட்டைகளைக் கட்டியும் வரைந்தும் பார்க்கும் பாடங்களுக்குப் பிறகு மாணவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். தொடக்கத்தில் பையன்களுக்கும் பெண்களுக்கும் இடையே வேறுபாடு இருந்தபோதிலும், பயிற்சியால் இரு சாராரும் ஒத்த அளவில் பயனடைந்தார்கள்.

முகவரி எப்படிப் பிறக்கிறது?

ஆயங்களுக்கு வருவோம். பியாஜேயின் குழு இதற்கும் எளிய சோதனை ஒன்றைச் செய்தது. செவ்வகத் தாள் ஒன்றில் ஒரு புள்ளி. அதே அளவுள்ள வெற்றுத் தாளில் அதே இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அளவுகோல், குச்சி, நூல் எல்லாம் கையில் உண்டு. சின்னவர்கள் கண்ணளவாக வைத்தார்கள். அடுத்த வயதினர் ஒரே ஓர் அளவை எடுத்து, பெரும்பாலும் மூலையிலிருந்து புள்ளி வரை சாய்வாக, அதோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு அளவு வேண்டும், அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதை எட்டு, ஒன்பது வயதில் பிள்ளைகள் தாங்களே கண்டுகொண்டார்கள். இடத்துக்கு இரண்டு எண்கள் தேவை என்ற கருத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கும் தருணம் இது. தாளும் நூலும் இருக்கும் எந்தப் பள்ளியிலும் இந்தத் தருணத்தை உண்டாக்கலாம்.

சாமர்வில்லும் பிரையன்ட்டும் 1985இல் காட்டியபடி, இரண்டு கோடுகளை மனத்தால் நீட்டி அவை சந்திக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதை நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் பலர் செய்ய வல்லவர்கள். ஆகவே தடை இரண்டு கோடுகளைச் சேர்ப்பதில் மட்டும் இல்லை. கட்டத்தாளின் மரபுகளில் இருக்கிறது. ஜூலி சராமாவும் உடனாய்வாளர்களும் 2003இல் நான்காம் வகுப்பினரிடம் செய்த ஆய்வு இந்த மரபுகளைக் கற்பது எத்தனை நுட்பமான வேலை என்று காட்டுகிறது. கட்டத்தாளைச் சதுரங்களின் கூட்டமாகப் பார்ப்பது ஒன்று; கோடுகளும் அவற்றின் சந்திப்புகளுமாகப் பார்ப்பது வேறொன்று. கோட்டை எண்ணுவதா, இடைவெளியை எண்ணுவதா, பூச்சியத்திலிருந்தா ஒன்றிலிருந்தா என்பவை பெரியவர்களுக்குத் தோன்றாத கேள்விகள். பிள்ளைக்கு உண்மையான கேள்விகள்.

நம் பிள்ளைகள் இரண்டு வகைக் கட்டங்களையும் விளையாட்டில் அறிந்தவர்கள். சதுரங்கத்தில் காய் கட்டத்துக்குள் நிற்கிறது. எழுத்தும் எண்ணும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குப் பெயராகின்றன. ஆடுபுலி ஆட்டத்தில் ஆடும் புலியும் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் நிற்கின்றன. கட்டத்தின் உள்ளிடத்துக்கு அங்கே வேலையே இல்லை. தாயக் கட்டம் முதல் வகை. புள்ளிக்கோலம் இரண்டாம் வகை. 'இந்த ஆட்டத்தில் காய் எங்கே நிற்கிறது, அந்த ஆட்டத்தில் எங்கே?' என்று கேட்டு, இரண்டுக்கும் முகவரி எழுதும் முறையைப் பிள்ளைகளையே வகுக்கச் செய்தால், கட்டத்தின் பெயருக்கும் புள்ளியின் பெயருக்கும் உள்ள வேறுபாடு விளையாட்டாகவே தெளியும். கோலத்தில் உள்ள கணிதத்தை 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் அணி இலக்கணம் என்ற கணினியியல் கோட்பாட்டோடு இணைத்து ஆராய்ந்தார்கள். வாசலில் உள்ள புள்ளிகள் ஆய்வேட்டுக்கும் தகுதியானவை என்று அறிவது பிள்ளைக்கு ஊக்கம் தரும்.

வரிசை மாறும் பிழைக்கு, அதாவது (3, 5) என்பது (5, 3) ஆவதற்கு, வகுப்பறை இருக்கைகளே நல்ல மருந்து. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒருவரைப் பெயர் சொல்லாமல் எண்களால் மட்டும் அழைக்கச் சொல்லுங்கள். 'மூணு, அஞ்சு' என்றதும் இரண்டு பேர் எழுவார்கள். சில நேரம் மூன்று, நான்கு பேர்கூட எழுவார்கள். ஆசிரியர் வகுப்பைப் பார்த்து நிற்கிறார். பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு இடப்பக்கம் இவர்களுக்கு வலப்பக்கம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது, முதலில் எதைச் சொல்வது, எங்கே தொடங்குவது என்று வகுப்பு ஓர் உடன்பாட்டுக்கு வந்தாக வேண்டும். ஆதிப்புள்ளி, அச்சு, வரிசைச் சோடி என்ற மூன்று கருத்துகளும் அந்த உடன்பாட்டில் அடங்கியிருக்கின்றன. பார்வைகள் மோதுகிற இடத்தில்தான் ஆயம் பிறக்கிறது என்பதைப் பிள்ளைகள் நேரில் காண்கிறார்கள்.

உயரம் எழுதிய தரைப்படம்

தோற்றத்தையும் ஆயத்தையும் இணைக்கும் சிறந்த பாலம், உயரம் எழுதிய தரைப்படம். 3×3 கட்டம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே நிற்கும் கட்டைக் கோபுரத்தின் உயரத்தை எழுதுவோம். நமக்கு அருகில் இருப்பது முன்வரிசை.

பின்வரிசை: 3, 2, 1
நடுவரிசை: 2, 2, 1
முன்வரிசை: 1, 1, 1

இந்த ஒன்பது எண்களில் முழுக் கட்டடமும் இருக்கிறது. மொத்தம் 14 கட்டைகள். முன்னால் நின்று பார்ப்பவருக்கு ஒவ்வொரு நிரலிலும் மிக உயர்ந்த கோபுரத்தின் உயரமே வெளிக்கோடாகத் தெரியும்: இடமிருந்து 3, 2, 1. வலப்பக்கம் போய் நின்றால் ஒவ்வொரு வரிசையிலும் மிக உயர்ந்தது தெரியும்: 1, 2, 3. மேலிருந்து பார்த்தால் ஒன்பது சதுரங்கள். பிள்ளை தரைப்படத்திலிருந்து தோற்றங்களை எழுதி, பிறகு கட்டைகளால் கட்டி, குனிந்து கண்மட்டத்தில் பார்த்துத் தன் விடையைத் தானே சரிபார்க்கலாம்.

இனிக் கேள்வியைத் திருப்புவோம். இதே மூன்று வெளிக்கோடுகளைத் தரும் வேறு கட்டடம் உண்டா? பிள்ளைகள் கட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். பின்வரிசையின் நடுக் கோபுரத்தையும் நடுவரிசையின் இடக் கோபுரத்தையும் ஒவ்வொரு கட்டை குறைத்தால், 12 கட்டைகளிலேயே அதே மூன்று தோற்றங்களும் வருகின்றன. 13 கட்டைகளுக்கு மூன்று வழிகள் உண்டு. கட்டைக்குக் கீழே வெற்றிடம் கூடாது என்ற விதியோடு தேடினால், மொத்தம் ஐந்து வெவ்வேறு கட்டடங்கள் மூன்று பக்கமும் ஒரே மாதிரி தெரிகின்றன.

இந்தக் கண்டுபிடிப்பு பிள்ளையின் கணித வாழ்வில் பெரிய நிகழ்வு. ஒவ்வொரு பார்வையும் எதையோ இழக்கிறது. மேலே நிற்பவர் உயரத்தை இழக்கிறார். முன்னால் நிற்பவர் ஆழத்தை. பக்கத்தில் நிற்பவர் இடமிருந்து வலமாகச் செல்லும் அளவை. ஆயங்களின் மொழியில் சொன்னால், ஒரு கட்டைக்கு மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொரு தோற்றமும் அவற்றில் ஒன்றை மறைக்கிறது. இழந்ததை எண்ணாக எழுதி வைத்ததால்தான் தரைப்படம் ஒரே ஒரு கட்டடத்தைச் சுட்டுகிறது. உயர்வகுப்பில் முப்பரிமாண ஆயங்கள் வரும்போது இந்த அனுபவம் அடித்தளமாக நிற்கும்.

மனித வரலாற்றிலும் இது எளிதாகக் கைகூடவில்லை. ஆயங்களுக்கு வழிவகுத்த ரெனே டேகார்ட் தம் வடிவியல் நூலை வெளியிட்டது 1637இல். ஒரு கனவடிவத்தை இரண்டு தளங்களில் விழும் தோற்றங்களால் முறையாகக் குறிக்கும் விவரண வடிவியலைப் பிரான்சின் கஸ்பார் மோன்ழ், மெசியேர் இராணுவப் பள்ளியில் 1760களில் உருவாக்கினார். கோட்டை கட்டும் கணக்குகளுக்கு அது அத்தனை பயன்பட்டதால் இராணுவ இரகசியமாகவே காக்கப்பட்டது. 1795இல்தான் அவர் அதை வெளிப்படையாகப் போதித்தார். இன்று ஐ.டி.ஐ. மாணவரும் பொறியியல் முதலாண்டு மாணவரும் வரையும் முன்தோற்றமும் மேல்தோற்றமும் அந்த மரபில் வந்தவை. இந்திய வழக்கில் மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரைகிறோம். அதைக் கண்டு கல்லூரியில் திகைக்கும் மாணவர்களுக்கு, ஐந்தாம் வகுப்பில் கட்டைகளோடு கழித்த சில வாரங்கள் எவ்வளவோ உதவியிருக்கும்.

வடக்கே தள்ளி வை

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒரு செல்வம் இருக்கிறது. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்து, நகரத்தாரும் கிராமத்தாரும் சிறு பொருள்களின் இருப்பிடத்தை வெவ்வேறு விதமாகச் சொல்வதைப் பதிவு செய்தார். மேசைமேல் உள்ள பொம்மைகளைப் பற்றிப் பேசும்போது நகரத்தார் இடம், வலம் என்றார்கள். கிராமத்தார் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்றார்கள். பேசுபவர் பழகிய வழக்குக்கும், திரும்பி உட்கார்ந்த பிறகு அவர் பொம்மைகளை மறுபடி அடுக்கும் முறைக்கும் தொடர்பு இருப்பதை இவ்வகை ஆய்வுகள் காட்டின. மொழி காரணமா, வாழும் சூழல் காரணமா என்ற விவாதம் தொடர்கிறது. பியர் டாசனும் ரமேஷ் மிஸ்ராவும் வாரணாசி, நேபாளம், பாலி ஆகிய இடங்களில் குழந்தைகளிடம் பல்லாண்டு ஆய்ந்து, 2010இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். திசைவழிச் சிந்தனை குழந்தைகளிடம் இளம் வயதிலேயே வளர்வதை அது விரிவாகக் காட்டுகிறது.

'சொம்பைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வை' என்று பாட்டி சொல்ல, சரியாகத் தள்ளி வைக்கும் பிள்ளை, தான் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் மாறாத ஓர் அச்சை மனத்தில் வைத்திருக்கிறது. ஆயத்தளம் கேட்பதும் அதுதான். பாடப்புத்தகங்களோ இடம், வலம், முன், பின் ஆகியவற்றிலேயே தொடங்குகின்றன. இரண்டும் வேண்டும். மேசைமேல் கட்டடம் ஒன்றை வைத்து, நான்கு திசையிலும் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து, அவரவருக்குத் தெரிவதை வரைய வேண்டும். 'இது கிழக்கே உட்கார்ந்தவர் வரைந்தது' என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். தோற்றம் தன் பார்வையையும், திசை பொதுவான சட்டகத்தையும் ஒரே விளையாட்டில் கற்றுத் தருகின்றன.

கண்ணால் காண்பது மட்டுமே இடவறிவு அல்ல என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பார்பரா லாண்டாவும் உடனாய்வாளர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், பிறவியிலேயே பார்வையற்ற மூன்று வயது நிரம்பாத குழந்தை ஒன்று, தான் நடந்து பழகாத குறுக்குவழியைச் சரியான திசையில் கண்டுகொண்டது. தொட்டும் நடந்தும் கற்கும் வகுப்பு பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கும் உரியது.

பயிற்சி எவ்வளவு உதவும்?

1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும், கனச்சதுரங்களால் ஆன இரண்டு உருவங்கள் ஒன்றா வேறா என்று கேட்டு நேரத்தை அளந்தார்கள். இரண்டுக்கும் இடையிலான கோணம் கூடக்கூட விடை சொல்லும் நேரமும் சீராகக் கூடியது. மனம் அந்த உருவத்தைச் சுழற்றிப் பார்ப்பதாகவே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இந்தத் திறன் பிறவியில் வாய்ப்பது, மாறாதது என்ற எண்ணம் இன்றும் பரவலாக இருக்கிறது. டேவிட் உட்டலும் உடனாய்வாளர்களும் 2013இல் 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பயிற்சியால் இடத்திறன் வளர்கிறது, அந்த வளர்ச்சி நிலைக்கிறது, பயிற்சி தராத வகைப் பணிகளுக்கும் ஓரளவு பரவுகிறது என்று காட்டினார்கள். மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1993 முதல், இடத்திறன் சோதனையில் பின்தங்கிய முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குத் தனிப் பாடம் நடத்திய ஷெரில் சோர்பி, அது மாணவர்களின் மதிப்பெண்ணையும், குறிப்பாகப் பெண்கள் படிப்பைத் தொடர்வதையும் மேம்படுத்தியதாகப் பதிவு செய்தார்.

கூடுதலாக நம்பிவிடவும் கூடாது. செங்கும் மிக்ஸும் 2014இல், ஒருமுறை தந்த மனச்சுழற்சிப் பயிற்சியே 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளின் கூட்டல், கழித்தல் திறனை உயர்த்தியதாகக் கண்டார்கள். மறு ஆண்டில் ஹாஸும் குழுவினரும் செய்த பல வாரப் பயிற்சியில் மனச்சுழற்சித் திறன் வளர்ந்தது, கணக்குக்குப் பரவவில்லை. கட்டைகளை அடுக்கினால் எல்லாக் கணக்கும் வந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கனவடிவங்களைப் புரிந்துகொள்வதும், கன அளவைப் பொருளோடு கற்பதும், ஆயங்களைக் காரணத்தோடு ஏற்பதும் தம்மளவிலேயே போதுமான பயன்கள்.

செய்ய வேண்டியவை

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையொட்டி வந்த என்.சி.இ.ஆர்.டி. தொடக்க வகுப்புக் கணித நூல்கள் நல்ல வழியைக் காட்டின. மூன்றாம் வகுப்பு நூலின் முதல் பாடமே எங்கிருந்து பார்ப்பது என்பதைப் பற்றியது. ஐந்தாம் வகுப்பில் பெட்டிகளும் தரைப்படங்களும் ஆழம் காட்டும் படங்களும் வந்தன. எட்டாம் வகுப்பு நூல் தோற்றங்களையும் நிலப்படங்களையும் ஒரே இயலில் வைத்தது. அந்த இழையை அறுபடாமல் ஆயத்தளம் வரை கொண்டுசெல்ல வேண்டும்.

முதல் மூன்று வகுப்புகளில் கையும் உடலும் கற்கட்டும்: ஒளித்து விளையாடுதல், திசை சொல்லி நடத்துதல், மேசையைச் சுற்றி வந்து பார்த்தல். நான்கு, ஐந்தில் நான்கு பக்கப் படங்கள், வலைகள், இருக்கை முகவரிகள். ஆறு, ஏழில் உயரம் எழுதிய தரைப்படம், மூன்று தோற்றங்கள், ஒரே தோற்றம் தரும் பல கட்டடங்கள். எட்டில் கட்டத்தின் பெயரிலிருந்து புள்ளியின் பெயருக்கு மாறி, ஆதிப்புள்ளிக்கு இடமும் கீழும் நகர்ந்து குறை எண்களைச் சந்திக்கட்டும். ஒன்பதில் ஆயத்தொலை வடிவியல் தொடங்கும்போது அது ஏற்கெனவே பழகிய கருத்தின் முறையான எழுத்தாக இருக்கும்.

செலவு பெரிதல்ல. எந்தப் பள்ளியிலும் காலி சாக்பீஸ் பெட்டிகள் சேரும். தீப்பெட்டியின் மூன்று முகங்களும் மூன்று அளவு. ஆகவே அதைத் திருப்பி வைத்தால் தோற்றம் உடனே மாறும். தச்சரிடம் சொன்னால் மிஞ்சிய மரத்தில் கட்டைகள் அறுத்துத் தருவார். சுண்ணக்கட்டியால் தரையில் போட்ட கட்டம் நூறு கட்டத்தாள்களுக்குச் சமம்.

கடினமான மாற்றம் தேர்வில் வர வேண்டும். படத்தைப் பார்த்து மேல்தோற்றம் வரைக என்ற ஒரே வகைக் கேள்வி, நாம் முதலில் கண்ட நான்கு வேலைகளையும் ஒரே மதிப்பெண்ணில் புதைத்துவிடுகிறது. கட்டடம் கட்டிக் காட்டச் சொல்வது, யார் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்பது, இதே தோற்றம் தரும் இன்னொரு கட்டடத்தைக் கேட்பது, 26 என்று சொன்ன மாணவி எதை எண்ணினாள் என்று கேட்பது, இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் இருக்க வேண்டும். மதிப்பிடும் முறை மாறாத வரையில், கட்டைப் பெட்டி தலைமையாசிரியர் அறை அலமாரியைவிட்டு வெளியே வராது. ஆசிரியர் பயிற்சியிலும் இது இடம்பெற வேண்டும். தன் கையால் ஐந்து கட்டடங்களையும் கட்டிப் பார்த்த ஆசிரியரே பிள்ளையின் தடுமாற்றத்தைப் பொறுமையோடு படிப்பார்.

தன் இடத்திலிருந்து தெரிவது முழு உண்மை அல்ல என்று அறிவதும், பிறர் நிற்கும் இடத்திலிருந்து என்ன தெரியும் என்று கணித்துச் சரிபார்ப்பதும், எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவை ஒப்புக்கொள்வதும் கணிதம் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குத் தரக்கூடிய உயர்ந்த பழக்கங்கள். பாடத்திட்டத்தில் இவற்றுக்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. சிதறிக் கிடக்கும் அந்த இயல்களை ஒரே இழையில் கோத்து, பிள்ளையின் கையில் கட்டைகளைக் கொடுப்பதே நம் பொறுப்பு.